ராக் இசையின் மரணச் செய்தியும் சகாராவின் கிதார்களும்

ராக் இசை இறந்துவிட்டது என்ற அறிவிப்பு புதியதன்று. ஏறத்தாழ அந்த இசை தோன்றிய காலம் முதலே அது மீண்டும் மீண்டும் வெளிவந்துகொண்டிருக்கிறது. 1959 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நேர்ந்த விமான விபத்தில் படி ஹாலி, ரிச்சி வேலன்ஸ் முதலிய இளம் பாடகர்கள் மாண்டனர். அந்த நாளுக்கு இசை இறந்த நாள் என்ற பெயரே பின்னர் நிலைத்தது. 2014இல் கிஸ் குழுவைச் சேர்ந்த ஜீன் சிம்மன்ஸ், பாடல்களைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் மறைந்ததால் இளம் கலைஞர்களுக்குப் பிழைக்க வழியில்லாமல் போயிற்று என்று காரணம் காட்டி, ராக் இறுதியாக மடிந்தேவிட்டது என்று ஒரு பேட்டியில் கூறினார். அமெரிக்க மக்கள் கேட்கும் இசையை அளவிட்ட நீல்சன் நிறுவனம், ஹிப்-ஹாப்பும் ஆர் அண்ட் பியும் சேர்ந்த பிரிவு ராக்கை முதன்முறையாகப் பின்தள்ளி முதலிடம் பெற்றுவிட்டதாக 2017இல் அறிவித்தபோது, அந்த வாதத்துக்கு எண்களின் துணையும் கிடைத்தது.

இந்த எண்களை மறுக்க முடியாது. அமெரிக்க, பிரிட்டிஷ் இளைஞர்களின் பொதுமொழியாக ராக் இருந்த காலம் முடிந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அதனோடு சேர்த்து வழக்கமாகக் காட்டப்படும் இன்னொரு சான்று அவ்வளவு உறுதியானதன்று. புகழ்பெற்ற கிதார் நிறுவனமான கிப்சன் 2018 மே மாதத்தில் திவால் பாதுகாப்புக் கோரியதைக் கிதாரின் வீழ்ச்சிக்கு அடையாளமாகப் பலர் எழுதினர். அந்த நிறுவனத்தை மூழ்கடித்ததில் பெரும்பங்கு, கிதார் தொழிலுக்கு வெளியே வீட்டு ஒலிச்சாதனத் தொழில்களை வாங்குவதற்காக அது ஏற்றுக்கொண்ட கடனுக்கு உரியது. கிதார் விற்பனைப் பிரிவு அப்போதும் தன் காலில் நின்றது, நிறுவனமும் அதே ஆண்டிலேயே மீண்டெழுந்தது. அதன் போட்டியாளரான ஃபெண்டர், பெருந்தொற்றுக் காலமான 2020இல் தன் வரலாற்றிலேயே மிகுதியான விற்பனையைக் கண்டது. மக்கள் கிதார் வாங்குவதை நிறுத்திவிடவில்லை.

ஆகவே எது இறந்தது, எது இறக்கவில்லை என்று பிரித்தறிய, ராக் என்பது உண்மையில் என்ன என்ற கேள்விக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. மிசிசிப்பிப் பருத்தி வயல்களில் வேலை செய்த கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்கள், 1943இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த மடி வாட்டர்ஸ் போன்றவர்களோடு நகரத்துக்கு வந்தபோது, இரைச்சல் மிகுந்த மதுக்கூடங்களில் காதில் விழுவதற்காக மின்கிதாரைப் பற்றிக்கொண்டன. கிதார்க் கம்பியின் அதிர்விலிருந்து கிடைக்கும் மின்சாரக் குறிகையைப் பெருக்கும் கருவி ஆம்ப்ளிஃபையர். அதன் தாங்கும் வரம்புக்கு மேல் அதை முடுக்கினால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுண்டு, மூல ஒலியில் இல்லாத புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன, சுரமும் நீண்டு ஒலிக்கிறது. டிஸ்டார்ஷன் எனப்படும் இந்த ஒலிச்சிதைவு பொறியாளர்களுக்கு ஒரு குறை. வாசித்தவர்களுக்கோ அது கிடைத்தற்கரிய குரல். 1951இல் மெம்ஃபிஸில் பதிவான ‘ராக்கெட் 88’ பாடலின் கரகரப்பு பழுதடைந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றிலிருந்து வந்தது. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் அந்த ஓசையை வேண்டுமென்றே பெறுவதற்காகத் தம் ஒலிபெருக்கியின் கூம்பைப் பிளேடால் கீறினார். பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, இடக்கைப் பழக்கமுள்ளவராதலால், கம்பிகளை அழுத்தும் கையே ஊனமுற்ற நிலையில் செயற்கை விரல்நுனிகளைத் தாமே செய்து மாட்டிக்கொண்டு, வலி குறையும்படி கம்பிகளின் இறுக்கத்தையும் பின்னாளில் தளர்த்தினார். 1970இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட பிளாக் சபத் குழுவின் கனத்த ஓசைக்கு அந்த விபத்தும் ஒரு காரணம். கையில் கிடைத்த கருவியின் குறையையும் உடலின் குறையையும் மொழியாக மாற்றிக்கொண்டு, சிலர் கூடித் தங்கள் பாடலைத் தாங்களே இயற்றி உரக்க வாசிக்கும் முறையே ராக்; விற்பனைப் பட்டியல் அந்த முறையின் ஒரு காலத்து விளைவு மட்டுமே.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால், இன்றைய ராக்கின் மிக வலிமையான சான்று லண்டனிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ இல்லாமல் சகாரா பாலைவனத்தில் கிடைக்கிறது. மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா ஆகிய நாடுகளில் சிதறி வாழும் நாடோடி மரபினரான துவாரெக் மக்கள், எல்லைக்கோடுகளாலும் கடும் வறட்சிகளாலும் தங்கள் மேய்ச்சல் வாழ்வை இழந்தவர்கள். 1963இல் மாலி அரசுக்கு எதிராக நடந்த துவாரெக் கிளர்ச்சியில் தந்தையைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த இப்ராஹிம் அக் அல்ஹபீப், தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றால் தம் முதல் கிதாரைச் செய்துகொண்டார். அல்ஜீரியாவின் தமன்ராசெட் நகரில் அகதி வாழ்க்கையின் நடுவே 1970களின் இறுதியில் அவரும் நண்பர்களும் தொடங்கிய தினாரிவென் குழு, லிபிய ராணுவப் பயிற்சி முகாம்களைக் கடந்து, கையிலிருந்து கைக்கு மாறும் கேசட்டுகள் வழியாகப் பரவியது. வானொலியும் நாளேடும் எட்டாத இடங்களில் இழந்த நிலத்தைப் பற்றியும் பிரிவைப் பற்றியும் தமாஷெக் மொழியில் பேசியவை அந்தக் கேசட்டுகளே. ஒட்டக நடையை ஒத்த தாளமும், ஒரே சுரத்தைச் சுற்றிச் சுழலும் கிதார் இழைகளும், கூட்டமாக விடையிறுக்கும் குரல்களும் அமெரிக்க ராக்கைப் போலச் செய்து பெற்றவையல்ல. பெண்கள் தெந்தே முழவோடு பாடிவந்த மரபிலும் அந்த மக்களின் பிற பழைய இசைகளிலும் அவற்றின் வேர் இருக்கிறது.

அடுத்த தலைமுறையில் கேசட்டின் இடத்தைச் செல்பேசியின் நினைவக அட்டை பிடித்தது. இணையம் அரிதான ஊர்களில் புளூடூத் மூலம் பாடல்கள் கைமாறிய அந்த வழியில்தான் நைஜரின் எம்டு மொக்தர் சகாரா முழுவதும் அறியப்பட்டார். சைக்கிள் கம்பிகளைக் கட்டித் தம் முதல் கிதாரைச் செய்த இந்த இடக்கைக் கலைஞர், தினாரிவென் குழுவின் நிதானத்தைப் பின்பற்றாமல், விரல்கள் கம்பிகளின் மேல் பாய்ந்தோடும் வேகத்தையும் முழு ஒலிச்சிதைவையும் கொண்டுவந்தார். 2021இல் ‘ஆஃப்ரிக் விக்தீம்’, 2024இல் ‘ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்’ ஆகிய ஆல்பங்களில் பிரெஞ்சுக் காலனியாதிக்கத்தின் பின்விளைவுகளையும் தம் மொழி அழியும் அபாயத்தையும் அவர் பாடினார். நைஜர்க் கிராமமான இல்லிகதாதைச் சேர்ந்த ஃபாத்து சேதி காலியும் அவருடைய தோழியரும், ஆண்களின் கருவியாகவே கருதப்பட்ட கிதாரைப் பெண்களின் தெந்தே இசையோடு மீண்டும் இணைத்துள்ளனர். உரலின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிய அந்த முழவோடு, நீரில் மிதக்கும் சுரைக்குடுக்கையையும் அவர்கள் தட்டுகிறார்கள். அடுத்தடுத்த தலைமுறைக் கலைஞர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டும் மீறிக்கொண்டும் வளர்க்கும் இசைக்கு வளர்ச்சி என்பதைத் தவிர வேறு பெயரிட முடியாது.

அப்படியிருந்தும் ராக் இறந்துவிட்டதா என்ற விவாதத்தில் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் எழுவதில்லை. தினாரிவென் குழுவின் ‘தசிலி’ ஆல்பம் 2012இல் கிராமி விருது பெற்றது. ஆனால் அந்த விருது உலக இசை என்ற பிரிவில் வழங்கப்பட்டது. சிறந்த ராக் நிகழ்த்துதலுக்கான கிராமியோ 2025இல் பீட்டில்ஸ் குழுவின் ‘நவ் அண்ட் தென்’ பாடலுக்குச் சென்றது. 1980இல் கொல்லப்பட்ட ஜான் லெனன் தம் நியூயார்க் வீட்டில் பதிந்து வைத்திருந்த கேசட்டிலிருந்து, இயந்திரக் கற்றல் நுட்பத்தால் அவர் குரலைப் பியானோ ஒலியினின்றும் பிரித்தெடுத்து, 2023இல் நிறைவு செய்து வெளியிட்ட பாடல் அது. கேட்போரை உருக்கும் பாடல்தான். எனினும் மறைந்தவரின் பழைய ஒலிநாடாவை ராக் என்றும், வாழ்பவர்களின் புதிய கிதாரை வேறொரு பிரிவென்றும் ஒதுக்கும் வகைப்பாடு, மரணச் செய்தியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கானா பாட்டையும் பறையையும் கிதார், டிரம்ஸ் ஆகியவற்றோடு ஒன்றாக நிறுத்தி, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுக்கும் அந்த வகைப்பாட்டில் தெளிவான இடம் கிடையாது. சாதியை நேராகப் பெயர் சொல்லிப் பாடிய அந்தக் குழு, உள்ளூர் இசையையும் மின்கிதாரையும் ஒன்றின் அலங்காரமாக மற்றொன்றை ஆக்காமல் சமமாக நிறுத்தியது.

உண்மையான ஆபத்து ரசனை மாறுவதில் இல்லை. நால்வர் கூடி வாசிக்கும் இடம் குறைவதில் இருக்கிறது. மடிக்கணினி ஒன்றோடு தனியாளாக இசையமைப்பவருக்குப் பயிற்சி அறை, வண்டி, மேடை என்ற செலவுகள் பெரும்பாலும் இல்லை; இசைக்குழுவுக்கோ இவை மூன்றும் வேண்டும், வருமானமும் நான்காகப் பிரியும். நைஜரின் அகாதெஸ் நகரில் இந்தச் சுமையைத் திருமண வீடுகள் தாங்குகின்றன: மணவிழாக்களில் கிதார்க் குழு வாசிப்பதும் விருந்தினர் பணம் வழங்குவதும் அங்கே வழக்கமாதலால், இளைஞர்கள் பிழைத்துக்கொண்டே பயில முடிகிறது. ஆனால் அந்த நிலத்திலும் இசைக்குப் பாதுகாப்பு உறுதியாக இல்லை. 2012இல் வட மாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையையே தடைசெய்தன. நைஜரில் 2023 ஜூலையில் நடந்த ராணுவப் புரட்சியால் எம்டு மொக்தர் குழு அமெரிக்காவில் ஊர் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டபோது, தன் புதிய பாடல்களை மின்கருவிகள் இல்லாமல் மீண்டும் பதிவுசெய்தது. அது 2025இல் தனி ஆல்பமாக வந்தது.

பிரிட்டனில் அத்தகைய திருமண மேடை இல்லை. பீட்டில்ஸ் முதலிய பல குழுக்கள் வளர்ந்தது சிறிய அரங்குகளில். அந்த அரங்குகளுக்காக இயங்கும் மியூசிக் வென்யூ டிரஸ்ட் அமைப்பின் கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் 125 சிற்றரங்குகள் மூடப்பட்டன அல்லது இசை நிகழ்ச்சிகளைக் கைவிட்டன. பெரிய விளையாட்டரங்குகளில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளின் ஒவ்வொரு நுழைவுச்சீட்டிலிருந்தும் ஒரு சிறு தொகையைச் சிற்றரங்குகளுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று அந்த அமைப்பு கோரிவருகிறது. கோல்ட்ப்ளே குழு 2025இல் தன் பிரிட்டன் நிகழ்ச்சிகளின் வருவாயில் 10 விழுக்காட்டைத் தர முன்வந்தது. அரசோ 2024இல் இக்கோரிக்கையை வரவேற்றும் சட்டமாக்காமல், விரும்புவோர் தரலாம் என்ற ஏற்பாட்டளவில் விட்டுவிட்டது.