ஒரு ஸ்ரீ, பன்னிரண்டு பைட்

சித்தூரிலும் திருப்பதியிலும் கடைப் பலகையானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் ‘ஸ்ரீ’ முன்னால் நிற்கும். இங்கே தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகின்றன. பழைய கோப்புகளைப் புதிய குறிமுறைக்கு மாற்ற சி மொழியில் நிரல் எழுதுபவர், இந்த ஸ்ரீயை வைத்தே தம் நினைவகக் கணக்கைச் சோதித்துவிடலாம்.

அன்று கணக்கு எளிது. 1991-இன் இஸ்கி தரத்தில் தமிழ் ‘க’வுக்கும் தெலுங்கு ‘க’வுக்கும் ஒரே எண். தொண்ணூறுகளின் இறுதியில் தமிழுக்கென வந்த திஸ்கியிலும் ஒரு குறிக்கு ஒரு பைட்; ‘ஸ்ரீ’ முழுவதும் ஒரே பைட்டில் அடங்கியது. ஒரு பைட் குறிமுறைகளுக்குள் மாற்றும்போது, உள்ளே வந்த அளவுக்கே வெளியேயும் இடம் ஒதுக்கினால் பெரும்பாலும் ஒப்பேறியது.

இன்று யூனிகோடில் இரு மொழிக்கும் தனித்தனி இடம். தெலுங்கு ‘க’ தமிழ் ‘க’வுக்கு 128 எண் தள்ளி இருக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘ஸ்ரீ’யில் ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என நான்கு இருப்பதால் 12 பைட். ‘தமிழுக்கு மூன்று பைட்தானே’ என்று திஸ்கி அளவின் மும்மடங்கு மட்டும் ஒதுக்கியவரின் நிரல், ஸ்ரீக்கள் நெருங்கி வரும் பட்டியலில் எல்லை தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும்.

அன்று அட்டவணையையும் லூப்பையும் அவரவரே எழுதினார்கள். இன்று குறிமுறை மாற்ற ‘ஐகான்வ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் உள்ள ஐகான்வில் திஸ்கியும் உண்டு. பஃபரில் மிச்சமுள்ள இடத்தைச் சரியாகச் சொன்னால், இடம் போதாதபோது ஐகான்வ் பிழை காட்டி நிற்கும். அப்போது ரீஅலாக் செய்து பஃபரைப் பெருக்க வேண்டும். பஃபர் இடம் மாறியிருக்கலாம் என்பதால், எழுதும் பாயின்டரைப் புதிய தொடக்கத்திலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும். ஐகான்வ் அந்தப் பாயின்டரை நகர்த்திக்கொண்டே போவதால், ஃப்ரீ செய்யத் தொடக்க முகவரியைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ஐகான்வ் தனக்குள் எதையாவது பிடித்துவைத்திருக்கலாம்; முடிவில் உள்ளீடு இல்லாமல் இன்னொரு முறை அழைத்தால் அதுவும் வெளியே வரும். இறுதிச் சுழியத்துக்கும் இடம் விட வேண்டும்.

நூலகத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. சீன எழுத்துக்கான ஒரு குறிமுறைக்கு மாற்றும்போது, ஜிலிப்சியின் ஐகான்வே 4 பைட் வரை எல்லை மீறி எழுதக்கூடும் என்பது 2024 ஏப்ரலில் வெளியானது. பல்லாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை அது. ஆகவே அளவை ஊகிக்காதீர்கள். திரும்பி வரும் பிழையைப் பாருங்கள், நூலகத்தையும் புதுப்பித்து வையுங்கள்.