சேலையும் லைக்ராவும்

1969. சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதி. சேலை கட்டிய இளம்பெண் ஒருவர் மைக் பிடித்து ஆங்கிலப் பாப் பாடினார். அவர்தான் உஷா உதுப். அரை நூற்றாண்டாக அவரது மேடை அலங்காரம் காஞ்சிப் பட்டு, பெரிய பொட்டு, தலையில் பூ. காலில் மட்டும் ஸ்னீக்கர். அதிலும் பட்டுத் துணி வைத்துத் தைத்திருக்கும்!

துள்ளி ஆடும் நட்சத்திரங்களுக்குப் பட்டுச் சேலை சரிவராது. 2023-இல் தொடங்கிய 'ஈராஸ்' சுற்றுப்பயணத்தில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் அணிந்தது ஜிகினா மின்னும் பாடிசூட்.

அப்படி உடம்போடு ஒட்டி நீளும் துணியின் சூட்சுமம் திருப்பூர்க்காரர்களுக்கு அத்துப்படி. தறியில் ஊடும் பாவுமாக நெய்யாமல், நிட்டிங் மெஷினில் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோக்கிறார்கள். கூடவே லைக்ரா என்ற நீளும் இழை கொஞ்சம் சேர்ந்தால், எவ்வளவு இழுத்து ஆடினாலும் துணி பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.