காணாமல் போனவரைக் கேட்கும் உரிமை

கல்முனையிலிருந்து காத்தான்குடிக்குப் போகும் பஸ், களுவாஞ்சிக்குடி தாண்டிக் குருக்கள்மடத்தைக் கடக்கும். 1990 ஜூலை 12 அன்று ஹஜ் முடித்து வந்தவர்களையும் வியாபாரிகளையும் விடுதலைப் புலிகள் அங்கேதான் மறித்து இறக்கினார்கள். அவர்கள் வீடு வந்து சேரவில்லை. அதற்கு முந்திய மாதம் இராணுவம் கல்முனைக்குள் நுழைந்தபோது பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பலரும் திரும்பவில்லை.

மையித்துக் கிடைக்காத வீட்டில் துக்கத்துக்கும் முடிவில்லை. மனைவி, கணவன் இறந்தால் இருக்கும் இத்தாவை இருப்பதா, காத்திருப்பதா? காணி உறுதி காணாமல் போனவர் பெயரில் இருக்கிறது, ஒப்பமிட ஆளில்லை.

இப்படி ஆளை மறைப்பது புதிதல்ல: ஆளைப் பிடித்து, குடும்பத்துக்கு ஒரு தகவலும் சொல்லாதே என்று எழுத்திலேயே கட்டளையிட்டது ஹிட்லரின் ஆட்சி. ‘இரவும் மூடுபனியும்’ எனப்பட்ட 1941 டிசம்பர் கட்டளை அது. அதில் ஒப்பமிட்ட தளபதி கைட்டலை 1946இல் நியூரம்பேர்க் நீதிமன்றம் தூக்குக்கு அனுப்பியபோது, இந்தக் கட்டளையும் அவர் மீதான குற்றங்களில் ஒன்றாக இருந்தது. அன்று அப்படியொரு சட்டமே இல்லை என்ற பிரதிவாதிகளின் வாதம் அங்கே எடுபடவில்லை.

நம் அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரையும் அதைத்தான் சொல்கிறது: செய்த காலத்தில் உலக நாடுகள் ஏற்ற சட்டத் தத்துவங்களின்படி குற்றமாக இருந்ததைப் பின்னரும் விசாரித்துத் தண்டிக்கலாம். வலிந்து காணாமலாக்கலுக்கு 20 ஆண்டு வரை சிறை விதிக்கும் 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் பழைய சம்பவங்களுக்குப் பொருந்தாது என்று அன்றைய அரசாங்கம் சொன்னது. அந்தப் பதிலைக் கேட்டு நாம் வாய்மூடி வரக்கூடாது. இலங்கை 2016இல் ஏற்ற, வலிந்து காணாமலாக்கலுக்கு எதிரான சர்வதேச சமவாயம் அதைத் தொடர்ந்து நடக்கும் குற்றமாகவே பார்க்கிறது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. ஆகவே ஹேக் நகரிலுள்ள அந்த நீதிமன்றத்தை நம்பிக் காத்திருப்பதில் பயன் குறைவு.

காணாமற்போனோர் அலுவலகத்தின் மட்டக்களப்புக் கிளையில் முறைப்பாடு செய்யலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்கள், ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைக் கேட்கலாம். சொத்து, உதவிப்பணம், பிள்ளைகளின் பாதுகாவல் ஆகியவற்றுக்கு அது உதவும், விசாரணையும் நிற்காது.

இன்று ஒருவரைப் பிடித்துச் சென்றால் ஆட்கொணர்வு மனு உண்டு. உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரே மாதம்தான் அவகாசம். பலர் வழக்கை இழப்பது இந்த இடத்தில்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்தில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

அசல் பத்திரங்களை எவரிடமும் கொடுக்காதீர்கள். போட்டோக் கொப்பி கொடுத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். 1990ஐக் கண்ட மூத்தவர்கள் ஊரில் இருந்தால், அவர்கள் கண்டதை இந்த மாதமே எழுதி ஒப்பம் வாங்கி வையுங்கள்.