லில்லிக்கு ஏன் சார் கல்யாணம் பண்ணி வைக்கல?

1847. லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜார்ஜ் ஸ்மித் என்ற 23 வயசு பதிப்பாளர், காலை டிபனை முடித்துவிட்டு, 'சும்மா நாலு பக்கம் புரட்டலாமே' என்று தபாலில் வந்த ஒரு கையெழுத்துப் பிரதியோடு தன் அறைக்குள் போகிறார். மதியம் 12 மணிக்கு நண்பர் ஒருவரோடு குதிரை சவாரி ப்ளான். நேரமாச்சு, குதிரையும் வாசலுக்கு வந்தாச்சு. ஸ்மித்துக்கு எழுந்திருக்க மனசில்லை. 'ஸாரிப்பா, வர முடியல' என்று ரெண்டு வரி எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, திரும்பவும் கதைக்குள் போய்விட்டார். மதிய சாப்பாடு ஒரு சாண்ட்விச். ராத்திரி சாப்பாடு அவசர அவசரமாக. படுக்கப் போவதற்குள் கடைசிப் பக்கத்தைத் தொட்டுவிட்டார்.

அந்தக் கதை 'ஜேன் ஐர்'. எழுதியவர் பெயர் 'கரர் பெல்' என்று இருந்தது. அது ஒரு பாதிரியாரின் மகள், சார்லட் பிராண்டே என்பது அப்போது ஸ்மித்துக்கே தெரியாது.

அக்டோபரில் புத்தகம் வெளியானது. ஒரு காப்பி தாக்கரேவுக்குப் போனது. 'வேனிட்டி ஃபேர்' தொடரை மாதாமாதம் எழுதிக்கொண்டிருந்த பெரிய தலை. அச்சகத்து ஆட்கள் அவருடைய அடுத்த பகுதிக்காகக் காத்துக் கிடக்க, மனிதர் ஒரு நாள் முழுக்க ஜேன் ஐர் படித்துக்கொண்டிருந்தார். காதல் காட்சிகளில் கண்ணீர் வேறு. கணப்புக்குக் கரி போட வந்த வேலையாள் ஜான், முதலாளி அழுவதைப் பார்த்து திகைத்து நின்றுவிட்டான் என்று தாக்கரேவே பதிப்பகத்துக்கு லெட்டர் எழுதியிருக்கிறார்.

நம்ம ஊர் காலேஜ்களில் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கிற மக்களுக்கு 'விக்டோரியன் ஏஜ்' என்றாலே அஞ்சு மார்க் கேள்வி, பத்து மார்க் கேள்விதான் ஞாபகம் வரும். 1837 முதல் 1901 வரை, விக்டோரியா மகாராணி காலம், தொழிற்புரட்சி, ஒழுக்கம், கட்டுப்பாடு, இத்யாதி இத்யாதி. ஆனா அந்தக் கதைகளை சுடச்சுட வாங்கிப் படித்தவங்க சிலபஸுக்காகப் படிக்கல பாஸ். அழுதிருக்காங்க, சண்டை போட்டிருக்காங்க, எழுத்தாளரையே மிரட்டாத குறையா கெஞ்சியிருக்காங்க.

தாக்கரேவின் லெட்டரில் சார்லட் குளிர்ந்து போனார். ஜேன் ஐரின் ரெண்டாவது பதிப்பை, 1848 ஜனவரியில், அவருக்கே சமர்ப்பணம் செய்தார். அங்கேதான் வந்தது வினை! கதையில், வீட்டோடு தங்கி குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர் ஜேன். வீட்டுக்காரர் ரோச்செஸ்டருக்கும் அவளுக்கும் லவ். மாடியில் மனநிலை பாதிக்கப்பட்ட அவருடைய மனைவி பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள். நிஜத்தில், தாக்கரேவின் மனைவி இஸபெல்லாவும் 1840-லிருந்து மனநிலை பாதிக்கப்பட்டவர். அந்த விஷயம் சார்லட்டுக்குத் தெரியவே தெரியாது. லண்டன் விடுமா? 'ஓஹோ... இந்த கரர் பெல், தாக்கரே வீட்டில் வேலை பார்த்த டீச்சர்தான்' என்று ஊரே கிசுகிசுத்தது. விஷயம் தெரிந்து சார்லட் கூனிக் குறுகிப் போனார். ஒரு கதையை நிஜமென்று நம்பி அழுதவர்கள், அதே வேகத்தில் நிஜத்துக்குள்ளும் மூக்கை நுழைத்துவிட்டார்கள்.

சரி, ஏன் இவ்வளவு ஃபீலிங்ஸ்? பாதி காரணம், கதைகள் வெளியான விதம். மூணு பாகமாக பைண்ட் செய்த ஒரு நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாதாரண ஆட்களுக்கு எட்டாக் கனி. அதனால் வருஷத்துக்கு ஒரு கினி சந்தா கட்டி வாடகை நூலகத்தில் எடுப்பார்கள். இல்லையென்றால் தொடர்கதை. டிக்கன்ஸ், தாக்கரே, ட்ரோலப், ஹார்டி எல்லாருமே தொடர்கதை பார்ட்டிகள்தான். வாரக்கணக்கில், மாசக்கணக்கில் ஒரு கேரக்டரோடு குடித்தனம் நடத்தினால் பாசம் வராமல் என்ன செய்யும்? அதைவிட முக்கியம், கதை இன்னும் முடியலை. இப்போ ஒரு லெட்டர் போட்டால், ஹீரோயினைக் காப்பாத்திடலாம்!

அப்படித்தான் சார்லஸ் டிக்கன்ஸுக்கு லெட்டர்கள் குவிந்தன. 'தி ஓல்ட் க்யூரியாசிட்டி ஷாப்' தொடரில் தாத்தாவோடு ஊர் ஊராக அலையும் நெல் என்ற சின்னப் பெண், சாகப்போகிறாள் என்று வாசகர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். 'கொன்னுடாதீங்க' என்று கெஞ்சல். அவருடைய நண்பர், நடிகர் மக்ரெடி, சில வாரங்களுக்கு முன்புதான் தன் மூணு வயசு மகளைப் பறிகொடுத்தவர். அவரும் நெல்லுக்காகக் கேட்டுப் பார்த்தார். பலிக்கலை. நெல் போய்ச் சேர்ந்தாள். எடின்பரோவில், பேனாவால் கவிஞர்களையே கதறவைத்த விமர்சகர் ஜெஃப்ரி நூலகத்தில் உட்கார்ந்து விசும்ப, பார்க்க வந்த பெண்மணி வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டாராம். (உண்மையைச் சொல்லணும்னா, இன்னிக்கு அதைப் படிச்சா எனக்கு அழுகை வரலை. சர்க்கரை தூக்கல். அந்த சாவைப் படித்து சிரிக்காமல் இருக்க கல் நெஞ்சு வேணும் என்கிற மாதிரி ஆஸ்கர் வைல்ட் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. டிக்கன்ஸ் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 1837-ல் அவருடைய மச்சினி மேரி, 17 வயசுப் பெண், அவர் கையிலேயே உயிரை விட்டாள். நெல்லை எழுதும்போது அந்தப் பழைய காயம் திரும்ப வலித்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.)

சாவைவிட வாசகர்களைப் பாடாய்ப் படுத்தியது கல்யாணம். அதில் டாப், லில்லி டேல்.

ஆன்டனி ட்ரோலப், தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே விடியற்காலையில் எழுந்து நாவல் எழுதித் தள்ளியவர். 'தி ஸ்மால் ஹவுஸ் அட் ஆலிங்டன்' 1862 முதல் 1864 வரை தொடராக வந்தது. கதை சிம்பிள். லில்லிக்கும் க்ராஸ்பிக்கும் கல்யாணம் நிச்சயம். அந்த மகாராஜன் ஒரு பணக்கார மாளிகைக்கு விருந்துக்குப் போய், சில நாளிலேயே அங்கிருந்த பிரபு மகளுக்கு ஓகே சொல்லிவிடுகிறான். இன்னொரு பக்கம் ஜானி ஈம்ஸ். லண்டனில் வருமான வரி ஆபீஸில் குமாஸ்தா. சின்ன வயசிலிருந்தே லில்லி மேல் உயிர். க்ராஸ்பியை ரயில்வே பிளாட்ஃபாரத்தில் வைத்து சாத்துகிறான் (இந்த இடத்தில் நிச்சயம் நாடே கை தட்டியிருக்கும்). இனிமே என்ன, க்ளைமாக்ஸில் மாலை மாத்த வேண்டியதுதானே?

லில்லி முடியாது என்கிறாள்.

அத்தோடு விடலை. 1867-ல் முடிந்த 'லாஸ்ட் க்ரானிக்கிள் ஆஃப் பார்செட்' நாவலில் ட்ரோலப் அவளை மறுபடி கூட்டி வந்தார். மனைவியை இழந்த க்ராஸ்பி திரும்ப தூது விடுகிறான். நோ. ஜானி திரும்பக் கேட்கிறான். அதுக்கும் நோ. இனிமேல் நான் கல்யாணமே ஆகாத கிழவிதான் என்று தன் பேருக்குப் பக்கத்தில் தானே பட்டம் எழுதிக்கொள்கிறாள்.

வாசகர்கள் கொதித்துவிட்டார்கள். லில்லியை ஜானிக்குக் கட்டி வையுங்கள் என்று வருஷக்கணக்கில் லெட்டர் வந்துகொண்டே இருந்ததாக ட்ரோலப் தன் சுயசரிதையில் எழுதுகிறார். இதில் காமெடி என்னவென்றால், அவருக்கு லில்லியை அவ்வளவாகப் பிடிக்காது. கொஞ்சம் பிகு பண்ணுகிற பெண் என்றே நினைத்தார். ஆனாலும் கெட்டிக்காரர். ஒருவேளை கட்டி வைத்திருந்தால், லெட்டர் போடுகிற அளவுக்கு அவள் யாருக்கும் பிடித்திருக்க மாட்டாள் என்றும் சொல்லிவிடுகிறார். என் ஓட்டு லில்லிக்குத்தான். ஜானி நல்லவன், சரி. நல்லவன் என்பதற்காக ஒருத்தி சம்மதிக்கணுமா என்ன? 1860-களில் ஒரு பெண் 'வேணாம்' என்று சொன்னதை, அவளை நேசித்தவர்களாலேயே தாங்கிக்க முடியல. அதுதான் எனக்கு உறுத்துது.

இதே ட்ரோலப் இன்னொரு விஷயத்தில் பொசுக்கென்று இறங்கி வந்தார். லண்டன் க்ளப் ஒன்றில் ரெண்டு பாதிரியார்கள், அவருடைய நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் அடாவடி அம்மணி மிஸஸ் ப்ரௌடியைப் பற்றி புலம்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே இருந்த ட்ரோலப் எழுந்து வந்தார். குற்றவாளி நான்தான், வீட்டுக்குப் போய் ஒரு வாரத்துக்குள் அவளைத் தீர்த்துக் கட்டிவிடுகிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார் என்பது வேறு கதை.

டிக்கன்ஸும் ஒரு தடவை வளைந்தார். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' கதையில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் தற்செயலாகச் சந்தித்து, நாலு வார்த்தை பேசிப் பிரிவதுதான் ஒரிஜினல் முடிவு. எஸ்டெல்லா அதற்குள் ஒரு டாக்டரைக் கட்டியிருப்பாள். 1861-ல் அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்த நண்பர், நாவலாசிரியர் புல்வர் லிட்டன், 'மாத்துங்க' என்று அடம்பிடிக்க, ரெண்டு பேரும் கை கோர்த்து நடக்கிற மாதிரி மாறியது. பழைய முடிவு, டிக்கன்ஸ் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு மூலமாகத்தான் வெளியே வந்தது. தாமஸ் ஹார்டி இன்னும் ஒரு படி மேல். 'ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' தொடராக வந்த நிர்ப்பந்தத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டு, 1912 பதிப்பில் அடிக்குறிப்பு போட்டார்: நான் முதலில் நினைத்த முடிவு வேற, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கோங்க! அவருடைய 'டெஸ்' 1891-ல் வந்தபோது, ஒரு சீமாட்டி தன் விருந்தாளிகளை 'டெஸ் பாவம்' கட்சி, 'தூக்கில் போட்டது சரி' கட்சி என்று பிரித்தே பழகினாராம். ஹார்டியின் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது.

மறுபடி சார்லட்டிடம் வருவோம். 1853 ஜனவரியில் அவருடைய 'வில்லட்' வந்தது. வேற்று நாட்டு நகரம் ஒன்றில் பெண்கள் பள்ளி. துணைக்கு யாருமில்லாத டீச்சர் லூசி ஸ்னோ. சிடுசிடு வாத்தியார் பால் இமானுவேல். மெதுவாக, ரொம்ப மெதுவாக, காதல் மலர்கிறது. அவளுக்கு ஒரு குட்டிப் பள்ளிக்கூடம் ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு அவர் கடல் கடந்து போகிறார். மூணு வருஷம். திரும்பி வரும் நேரத்தில் கடலில் பயங்கரப் புயல். அவர் வந்தாரா, முங்கிப் போனாரா? லூசி சொல்லவே இல்லை. முதல் தடவை படித்தபோது, லைப்ரரி புக்கில் எவனோ கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டான் என்று பின் அட்டை வரை தடவிப் பார்த்தேன்.

சார்லட் மனசில் பால் இறந்துதான் போனார். 1842, 43-ல் பிரஸ்ஸல்ஸில் படிக்கவும் கற்பிக்கவும் போன இடத்தில், கல்யாணமான ஆசிரியர் ஹெகர் மேல் அவருக்கு ஒரு தீராத பிரியம். ஊர் திரும்பி எழுதிய லெட்டர்களுக்குப் பதில் நின்றுபோனது. அடுத்து, 1848 செப்டம்பரிலிருந்து 1849 மே-க்குள் தம்பி பிரான்வெல், தங்கைகள் எமிலி, ஆன் மூணு பேருமே போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம், அவரும் அப்பாவும்தான். அந்த வீட்டில் உட்கார்ந்து எழுதிய கதைக்கு சுபம் போட அவருக்குக் கை வரலை.

ஆனா அப்பா பேட்ரிக் கேட்டார். சோகமா முடிகிற கதையே எனக்குப் பிடிக்காது, ரெண்டு பேரையும் சேர்த்து வைம்மா என்றார். பெத்த அப்பா கேட்கிறார், பொய் சொல்லவும் மனசில்லை. அதனால்தான் அந்த மூடுமந்திர முடிவு. சுபம் வேணும் என்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

நாவலை முடித்துக் கொடுத்த அடுத்த மாசம், 1852 டிசம்பரில், அப்பாவின் உதவிப் பாதிரியார் ஆர்தர் நிக்கல்ஸ் நடுங்கிக்கொண்டே வந்து, சார்லட்டைக் கல்யாணம் பண்ணிக்க ஆசை என்றார். கதையில் ஜோடி சேரணும் என்று கேட்ட அதே அப்பா நெற்றி நரம்பு புடைக்கக் கத்தினார். இந்தச் சம்பளக்காரனுக்கா என் பொண்ணு? மகள் அப்போதைக்கு மறுத்துவிட்டாள். நிக்கல்ஸ் ஊரைவிட்டே போனார். ஆனா ரகசியமாக லெட்டர் போக்குவரத்து நடந்தது. கடைசியில் அப்பாவை ஒருவழியாகக் கரைத்து, 1854 ஜூன் 29-ல் கல்யாணம். முதல் நாள் ராத்திரி, நான் சர்ச்சுக்கு வரலை என்று சொல்லிவிட்டார் பெரியவர். மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தது பழைய டீச்சரம்மா, மிஸ் வூலர். ஒன்பது மாசம் சந்தோஷமாக இருந்தார்கள். 1855 மார்ச் 31-ல், வயிற்றில் குழந்தையோடு, 38 வயசில் சார்லட் இறந்துபோனார்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால், 'வில்லட்' வந்த புதுசில், அவருக்கும் பெண் வாசகர்கள் லெட்டர் போட்டார்கள். பால் என்ன ஆனார், தயவுசெய்து ஒரு வரி சொல்லுங்க, தூக்கம் வரலை. சார்லட் பதில் எழுதினார். அதிலும் சொல்லலை. எப்படி எழுதினால் விஷயம் வெளியே வராதோ, அப்படி எழுதி அனுப்பினேன் என்று ஜார்ஜ் ஸ்மித்துக்குத் தகவல் சொன்னார். ஆமா, குதிரையை வாசலில் நிற்க வைத்துவிட்டு ஜேன் ஐர் படித்த அதே ஸ்மித். புதிர் அவங்களுக்கு நல்லாப் பொழுது போக்குது, சாவியைக் கொடுத்து ஆட்டத்தைக் கெடுப்பானேன் என்பது அவர் கட்சி.