செல்லாக்காசு – 9: பொய் சொல்லும் நல்ல காசு

போலிக் காசைக் காட்டிக்கொடுக்கும் காந்தச் சோதனையும் ஓசைச் சோதனையும் போன வாரமே முடிந்தன. திரும்பச் சொல்வதாக இல்லை. இந்த வாரம் விளிம்பு என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அதற்குள் ஆற்காடு ரூபாய் குறுக்கே வந்துவிட்டது. இணையத்தில் பழங்காசு விற்பவர்கள் பெரிதாக்கிக் காட்டுவது ஆண்டைத்தான். வாங்குகிறவர் கண்ணும் அங்கேதான் போகிறது. காசின் எழுத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே கூடாது என்பது என் கட்சி.

சென்னைக்கருகே பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கோவளம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் பிடித்தது 1752-இல். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் புழங்கிய வெள்ளி, ஆற்காடு ரூபாய். கம்பெனி அடித்த அசல் காசை எடுத்துப் பாருங்கள். பாரசீக எழுத்தில் ஊர் ஆற்காடு, அடித்ததோ சென்னையில். அரசர் இரண்டாம் ஆலம்கீர். ஹிஜ்ரி 1172, ஆறாம் ஆட்சியாண்டு. அந்த ஹிஜ்ரி ஆண்டு 1759 ஆகஸ்டில் முடிந்தது, நவம்பரில் அரசரும் கொல்லப்பட்டார். கம்பெனியோ 1835 வரை அதே பெயரையும் அதே ஆண்டையும் பொறித்துக்கொண்டே இருந்தது! ஆண்டு பழசானால் காசு மாற்றும் சராப்புகள் வட்டம் (கழிவு) பிடிப்பார்கள். வங்காளத்தில் கம்பெனி 19-ஆம் ஆட்சியாண்டை அப்படியே நிறுத்திவைத்தது அதைத் தவிர்க்கத்தான். ஆக, ஊரும் ஆண்டும் அரசரும் பொய், காசு மட்டும் சுத்த அசல். ஆங்கிலேயர் காசுக்குத் தாமரை, புதுச்சேரிக் காசுக்குப் பிறை என்று அடையாளம் உண்டு. அதுவும் எழுத்தின் தம்பிதான். அச்சு வெட்டத் தெரிந்தவனுக்குத் தாமரை பெரிய வித்தையா?

ராமர் பட்டாபிஷேகம் போட்டு, கம்பெனி பெயரும் 1616 என்ற ஆண்டும் பொறித்த வில்லைகளும் விற்பனைக்கு வருகின்றன. கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. 1616-இல் சென்னையில் கோட்டையே கிடையாது. ‘இங்கே ஆண்டுதானே காட்டிக்கொடுத்தது?’ என்பீர்கள். சரிதான், போலியை எழுத்து மாட்டிவிடும். அசலுக்கு ஜாமீன் நிற்காது, அவ்வளவே.

ஜாமீன் எடையிடம் கேட்க வேண்டும். 1818-க்குப் பிந்தைய சென்னை ரூபாய் 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. விற்பவரிடம் இரண்டு தசமம் வரை எடை கேளுங்கள். ‘தேய்ந்த காசு எடை குறையுமே’ என்றால், குறையும்; அடர்த்தி குறையாது. நகைத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் தட்டாமல் முழுக்குங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. தேயாத ரூபாய்க்கு எண் 1.13 அருகே நிற்கும்; அதே எடையுள்ள செம்பு 1.3-க்குப் போய்விடும். ஈயம் கலந்து சரிக்கட்டினால் ஓசை செத்துவிடும்.

நல்ல வெள்ளியிலேயே போலி அடித்தால்? அங்கே தராசும் கை விரித்துவிடும். பார்க்க வேண்டியது விளிம்பை. அது அடுத்த வாரம், நிச்சயமாக.