பழைய சிடிக்கு வந்த மவுசு

காலாவதியான ஆபரேட்டிங் சிஸ்டங்களை நம்பி இன்னும் எத்தனையோ இயந்திரங்கள் ஓடுகின்றன. அவற்றை மறுபடி நிறுவத் தேவையான வட்டுகள்தான் மறைந்து வருகின்றன.

கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் செத்துப்போவது பெரிய செய்தி அல்ல. புதிதாக ஒன்று வாங்கி மாட்ட அரை மணி நேரம் போதும். தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பம். பதினைந்து வருடங்களாக ஒரு லேத் இயந்திரத்தையோ, ரத்தப் பரிசோதனைக் கருவியையோ, அச்சகத்தையோ ஓட்டிவந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு மீண்டும் உயிர் கொடுக்க விண்டோஸ் எக்ஸ்பி சிடி வேண்டும். அலமாரி, மேஜை டிராயர், மெக்கானிக்கின் பை என்று எங்கே குடைந்தாலும் அது அகப்படுவதில்லை. சில நூறு எம்பி கொண்ட ஒரு வட்டு இல்லாத குறைக்கு, லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் சும்மா நிற்கிறது.

2001 அக்டோபர் 25 அன்று சந்தைக்கு வந்த எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று கைகழுவியது. விண்டோஸ் 98-க்கு 2006 ஜூலையிலும், 7-க்கு 2020 ஜனவரியிலும் அதே கதி. 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது என்று எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காத இன்னொரு அர்த்தமும் அதற்கு உண்டு. அந்த சிஸ்டத்தை நிறுவும் ஃபைல்களும் நாளடைவில் கம்பெனியின் கடையிலிருந்து காணாமல் போகும். செல்லுபடியாகும் சாவி எண்ணைக் கொடுத்தால் விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்டின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளும் வசதி ஒரு காலத்தில் இருந்தது; இப்போது இல்லை. 2020 ஆகஸ்டில் எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் கையெழுத்திடப்பட்ட ஃபைல்களை எல்லாம் அந்த நிறுவனம் தன் டவுன்லோட் மையத்திலிருந்து அகற்றியது. காரணம் நியாயமானதுதான்: அந்தக் கையெழுத்தைப் போலியாக உருவாக்க முடியும் என்று 2017-லேயே நிரூபணமாகிவிட்டது. ஆனால் பழைய சிஸ்டங்களுக்கான எத்தனையோ உபரி ஃபைல்களும் அந்த வெள்ளத்தோடு போய்விட்டன.

புதிய விண்டோஸைப் போட்டால் என்ன?

இயந்திரத்தை வாங்கியவருக்கும் அதே ஆசைதான். இயந்திரம் இடம் கொடுப்பதில்லை. அதை இயக்கும் சாஃப்ட்வேர் எக்ஸ்பிக்கென்றே எழுதப்பட்டிருக்கும். தயாரித்த கம்பெனி புதிய பதிப்பைக் கொடுத்திருக்காது, அல்லது புது இயந்திரம் வாங்கச் சொல்லும். அதைவிட அடிப்படையான தடை ஒன்றும் உண்டு. 64-பிட் விண்டோஸில் 16-பிட் புரோகிராம்கள் ஓடாது. விண்டோஸ் 11 என்பது 64-பிட்டில் மட்டுமே வருகிறது. தொண்ணூறுகளில் வெளிவந்த பல 32-பிட் சாஃப்ட்வேர்களின் உள்ளடக்கம் இன்றும் ஓடக்கூடியதுதான். ஆனால் அவற்றை நிறுவும் செட்அப் ஃபைல் 16-பிட்டில் எழுதப்பட்டிருப்பதால் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இந்தப் பிரச்சினை இந்தியாவுக்கென்றே ஒரு தனி முகம் காட்டுவது மொழிகளின் விஷயத்தில்தான். யூனிகோடு பரவலாவதற்கு முன் ஹிந்தி, மராத்தி, குஜராத்தி, தமிழ் என்று நாடு முழுவதும் டிடிபி கூடங்களில் கோலோச்சியது பேஜ்மேக்கர். அதோடு க்ருதி தேவ், ஸ்ரீலிபி, புனேயைச் சேர்ந்த சி-டாக்கின் ஐஎஸ்எம் போன்ற எழுத்துருத் தொகுப்புகள். பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், வாரப் பத்திரிகை என அந்தக் காலத்தில் அச்சானவற்றில் பெரும் பகுதி இந்தக் கூட்டணியில் பிறந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல். அதன் இடத்தைப் பிடித்த இன்டிசைன், சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கும். பழைய எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஹிந்திப் பக்கம் வெறும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். பிரேமில் கட்டப்பட்ட பக்கத்தை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் பழைய விண்டோஸ், பழைய பேஜ்மேக்கர், பழைய எழுத்துரு மூன்றும் வேண்டும். சில தொகுப்புகளுக்கு பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு ஒன்றும் தேவை. ஒன்று குறைந்தாலும் இருபது வருட உழைப்பு இருட்டறையில்.

வட்டு எங்கே போயிற்று?

பெரும்பாலானவர்களிடம் அது எப்போதுமே இருந்ததில்லை என்பதுதான் உண்மை. கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரில், கட்டிக்கொடுத்தவரே ஓ.எஸ். போட்டுக் கொடுத்தார், சிடியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெரிய பிராண்டுகளோ சிடி கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஹார்ட் டிஸ்கிலேயே ஒரு மூலையில் மீட்பு ஃபைல்களை ஒளித்துவைத்தன. டிஸ்க் போனால் மருந்தும் நோயாளியோடு சேர்ந்து போகும்.

அப்போதெல்லாம் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. டெல்லியின் நேரு பிளேசிலும் மும்பையின் லாமிங்டன் சாலையிலும் எந்த விண்டோஸும் கிடைத்தது. திருட்டு சாஃப்ட்வேருக்காக அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் 'பெயர்போன சந்தைகள்' பட்டியலில் இடம்பிடித்த இடம் நேரு பிளேஸ். இன்று தேடுபவர்கள் இணையத்துக்குப் போகிறார்கள். 1996-ல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவில் பழைய சாஃப்ட்வேர்கள் ஏராளமாகக் குவிந்து கிடக்கின்றன. ஆனால் யார் யாரோ ஏற்றிவைத்த வட்டில் என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கம்பெனி வெளியிட்ட அசல் வட்டின் ஹேஷ் எண், அதாவது ஃபைலின் கைரேகை போன்ற நீண்ட எழுத்துச்சரம், ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் ஒரே பரீட்சை.

ஆப்பிள் கதை வேறு மாதிரி. 2011-ல் வந்த லயன் முதல் அது வட்டை விட்டுவிட்டு ஆப் ஸ்டோருக்கு மாறியது. பழைய பதிப்புகள் பலவற்றை இன்றும் தன் தளத்தில் வைத்திருக்கிறது; லயன், மவுண்டன் லயன் இரண்டையும் 2021-ல் இலவசமாக்கியது. ஆனால் இறக்கி வைத்தவர்களுக்கு 2019 அக்டோபரில் ஓர் அதிர்ச்சி. அவற்றில் இருந்த சான்றிதழ் காலாவதியானதால், பத்திரமாக வைத்திருந்த இன்ஸ்டாலர்கள் தாம் பழுதடைந்துவிட்டதாகச் சொல்லி மறுத்தன. கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி அவற்றை ஏமாற்றியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

இதில் நிம்மதியாகத் தூங்குபவர்கள் லினக்ஸ்காரர்கள். டெபியன், உபுண்டு இரண்டுமே தங்கள் பழைய பதிப்புகளைத் தனி ஆவணக் கிடங்கில் திறந்தே வைத்திருக்கின்றன. 2004-ன் முதல் உபுண்டுவை இன்றும் யாரும் இறக்கலாம், பிரதி எடுக்கலாம், கேள்வி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

விண்டோஸ் காலாவதியானாலும் அதன் காப்புரிமை காலாவதியாவதில்லை. கைவிடப்பட்ட சாஃப்ட்வேரை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது பரவலான நம்பிக்கை. சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் நியாயமாக வாங்கியவருக்கு 1957-ம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. தொலைந்து போவதிலிருந்தும் பழுதாவதிலிருந்தும் பாதுகாக்க, தன்னிடம் உள்ள பிரதியிலிருந்து அவர் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அரசுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1954-ம் வருடச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்கள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அந்தப் புத்தகத்தைப் பிறப்பித்த சாஃப்ட்வேருக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே பொறுப்பு உரிமையாளர் தலையில்தான். சிடியில் உள்ள ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாது. கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் பகுதி விட்டுப்போகும். முழு வட்டையும் ஐஎஸ்ஓ பிம்பமாக எடுக்க வேண்டும். வீட்டில் எழுதிய சிடியின் சாயப்பூச்சு வெயிலிலும் ஈரத்திலும் கெடும் என்பதால், இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்குகளில் வைப்பது உத்தமம். 25 எழுத்துச் சாவியையும், அது எந்த வகை வட்டுக்கானது என்பதையும் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு வந்த எக்ஸ்பியின் சாவி கடையில் தனியாக விற்ற எக்ஸ்பியைத் திறக்காது. சர்வீஸ் பேக் 3, மதர்போர்டின் டிரைவர்கள், இயந்திரத்தின் சொந்த சாஃப்ட்வேர், எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பழைய எக்ஸ்பி சிடிக்கு சாட்டா ஹார்ட் டிஸ்க்கை அடையாளம் தெரியாது. விண்டோஸ் 7 வட்டுக்கு யுஎஸ்பி 3.0 தெரியாது. எல்லாவற்றையும் சேகரித்த பின் ஒருமுறை நிறுவிப் பார்க்காவிட்டால், சேகரித்ததற்கு அர்த்தமில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச சாஃப்ட்வேரில், புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

வட்டு கிடைத்த மகிழ்ச்சியில் இணையக் கம்பியைச் செருகுவதுதான் ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகைச் சுற்றியபோது ஆந்திர போலீசின் கம்ப்யூட்டர்களும் சிக்கின. மூன்று வருடத்துக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி பொறுமை இழந்து, எல்லா ஏடிஎம்களையும் ஆதரவு உள்ள சிஸ்டத்துக்கு 2019 ஜூனுக்குள் மாற்றியாக வேண்டும் என்று வங்கிகளுக்குக் கெடு விதித்தது. ஊரார் பணம் புழங்கும் இடத்தில் பழையதற்கு இடமில்லை. லேத்தும் டிடிபி கம்ப்யூட்டரும் தனியாக, கம்பி இல்லாமல் ஓடட்டும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இதை அடுத்தவர் கதையாக நினைத்துப் படிக்க வேண்டாம். அவர்களது சிடி தொலையும் முறை இப்போதுதான் வந்திருக்கிறது.