பாட்டிக்கு 75, ஓட்டலுக்கு எத்தனை ஓட்டு?

‘பாட்டி சர்ப்ரைஸ்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். அன்று இரவே சித்தப்பா அதில் பாட்டியையும் சேர்த்துவிட்டார். “எனக்கே சர்ப்ரைஸா இருக்குடா” என்று பாட்டியின் வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. சர்ப்ரைஸ் செத்தது. குரூப் மட்டும் ஓகோ என்று வாழ்ந்தது!

முதல் ரகளை தேதிக்கு. ஆதாரில் பாட்டி பிறந்தது ஜூன் மாதம். அது அந்தக் காலத்துத் தலைமை ஆசிரியர் பள்ளியில் சேர்க்கும்போது தன் கைப்பட அருளிய தேதி. நிஜத்தில் புரட்டாசி ரோகிணி. அந்த ரோகிணி மாளய பட்சத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. “பித்ருக்களுக்கான நாள்ல கேக் வெட்டுவாங்களா?” என்று பெரியம்மா கேட்க, குரூப்பே கப்சிப். சரி, அமாவாசை கழிந்து முதல் ஞாயிறு. அன்றைக்கு நவராத்திரி ஆச்சே! அத்தை வீட்டில் கொலு. சாயங்காலம் ஆனால் சுண்டல், தாம்பூலம், வருகிறவர்கள் வரிசை. ஆக டின்னர் அவுட். மதியச் சாப்பாடுதான்.

புரட்டாசி என்ற ஒற்றைச் சொல்லிலேயே பாதி வேட்பாளர்களுக்கு டெபாசிட் காலி. அண்ணா சாலை புஹாரிக்குத் தீவிரப் பிரசாரம் செய்துகொண்டிருந்தான் என் தம்பி. 1951-இலிருந்து இருக்கும் ஓட்டல். சிக்கன் 65 அங்கேதான் பிறந்தது, 1965-இல் மெனுவில் ஏறியதால் அந்தப் பெயர் என்பது அவர்களே சொல்லும் கதை. மேஜைக்கு நடுவில் அடுப்பை வைத்துச் சுட்டுத் தரும் பார்பெக்யூ நேஷனுக்காக வாதாடினாள் அத்தை பெண். இரண்டு பேரையும் பாட்டி ஒரே வரியில் முடித்தாள்: “ஐப்பசில போய்க்கோங்க.” திருவல்லிக்கேணி ரத்னா கஃபே என்றார் பெரியப்பா. 1948-இல் தொடங்கிய கடை, இட்லி முங்க முங்க சாம்பார். பாட்டிக்கே நாக்கில் நீர் ஊறியது. ஆனால் அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காரை எங்கே விடுவது? பெரியப்பா பதில் சொல்லாமல் ஒரு கும்பிடு எமோஜி போட்டு வெளியேறினார்.

நட்சத்திர ஓட்டல் பஃபே என்று மாமா ஆரம்பித்தார். சித்தப்பா வங்கியில் ஓய்வு பெற்றவர், விடுவாரா? அறை வாடகை நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலில் சாப்பாட்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி, தெருவோர ஏசி ஓட்டலில் 5 சதவீதம்தான் என்று பாடம் நடத்தினார். சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதையும், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் இலவச இணைப்பாகக் கொடுத்தார். மாமா பஃபேயை வாபஸ் வாங்கினார்.

கடைசியில் வடபழனி ஜெயித்தது. ருசியால் அல்ல, பூகோளத்தால்! தாம்பரம் சித்தப்பா மின்சார ரயிலில் பரங்கிமலை வந்து மெட்ரோ பிடித்தால் நேரே வடபழனி. அம்பத்தூர் அத்தைக்கு நூறடி ரோடு. வடபழனியிலும் முதலில் பார்த்த ஓட்டல் மாடியில் இருந்தது, லிஃப்டில் ‘ரிப்பேர்’ அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது. இரண்டாவது ஓட்டல் தரைத்தளம். பெயர் வேண்டாமே, ஏற்கெனவே அங்கே ஞாயிற்றுக்கிழமை டோக்கன் வாங்கி நிற்கிற கூட்டம் போதும்.

வேவு பார்க்க அனுப்பப்பட்டவள் நான். போனதும் மெனு கார்டுதான் கேட்டேன். மேனேஜர் அதைத் தரவே இல்லை. “பெரியவங்க எத்தனை பேர் மேடம்? முட்டி வலி யாருக்கு? வெங்காயம் பூண்டு சாப்பிடாதவங்க உண்டா? குழந்தைங்க எத்தனை, அதுல எத்தனை ஓடற வயசு?” கேட்டுக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டில் மேஜைகளை வரைந்தார். சோபா பக்கம் பாட்டிக்கு வேண்டாமாம். உள்ளே அமுங்கிவிட்டால் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டும். கை வைத்த நாற்காலி, வரிசையின் ஓரத்தில், பாத்ரூமுக்குப் பக்கமாக, ஏசி காற்று முதுகில் படாமல். ஓடற வயசுக்காரர்களைச் சுவர் ஓரம் தள்ளி, இந்தப் பக்கம் அப்பாக்களை வைத்து அடைக்க வேண்டும். நாங்கள் ராப்பகலாகச் சண்டை போட்டதையெல்லாம் இந்த மனிதர் காபி ஆறுவதற்குள் தீர்த்துவிட்டாரே! இப்படியே வாராவாரம் பத்துக் குடும்பங்களைப் பார்க்கிறாராம். “சாப்பாடு நல்லா இல்லைன்னு யாரும் கோச்சுக்கிட்டுப் போறதில்ல மேடம். உட்கார வெச்ச இடம் சரியில்லைன்னுதான் போவாங்க.”

பிறகு ‘உள்ளே பார்க்கலாமா?’ என்று கேட்டேன். ஐயோ, அந்தச் சமையலறை! காலை டிபன் ஓய்ந்து மதியச் சாப்பாடு ஏறுகிற அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதற்கு டிக்கெட் போட்டே விற்கலாம். ஒரு பக்கம் அண்டாவில் சாம்பார் தளதள. இன்னொரு பக்கம் அப்பளம் பொரிப்பவர் ஒருத்தர், பொரிப்பது மட்டுமே வேலை, எண்ணெயைப் பார்க்காமலே பேசிக்கொண்டு புரட்டுகிறார். ரசத்துக்குத் தாளிப்பு விழுந்த சத்தத்தில் என் தும்மல் யாருக்கும் கேட்கவில்லை.

தோசை மாஸ்டர்தான் நாயகன். கல்லில் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் சர்ரென்று தேய்த்து, சூடு பார்த்து, வரிசையாக எட்டு வட்டம் ஊற்றினார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பேப்பர் ரோஸ்ட்தான் கேட்பார்கள் என்று சொன்னேன். கரண்டியை அப்படியே நிறுத்தினார். “ஒரு பேப்பர் ரோஸ்ட் நாலு தோசை இடத்தை அடைச்சிடும்மா. எட்டுப் பிள்ளைக்கு எட்டு ரோஸ்ட்டுன்னா கடைசிப் பிள்ளைக்கு வர்றதுக்குள்ள முதல் பிள்ளை ஐஸ்கிரீம் முடிச்சிருக்கும்.” மதியம் டிபன் கிடையாது என்ற போர்டுக்குப் பின்னால் இருக்கும் ரகசியம் இதுதான்: கல் ஒன்று, ஆர்டர் ஐம்பது. பேரம் பேசினோம். பன்னிரண்டு மணிக்குள் வந்து உட்கார்ந்தால் கல்லை அணைக்காமல் வைத்திருந்து, பிள்ளைகளுக்கு முதல் ரவுண்டில் சாதா ரோஸ்ட். பெரியவர்களுக்கு இலைச் சாப்பாடு. பாட்டிக்குக் குழைந்த சாதம் தனியாக, ரசம் காரம் குறைவாக. மாஸ்டர் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்: ‘ஞாயிறு, பாட்டி, குழைவு’.

கேக் விஷயம் தனிக் காண்டம். முட்டை இல்லாத கேக்கை நாமே கொண்டு வரலாம், ஆனால் காய்கறி வைக்கும் பெரிய குளிர் அறைக்குள் வைக்க விடமாட்டார்கள். நறுக்கிய வெங்காயம் பக்கத்தில் இருந்தால் கிரீம் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளுமாம். ஐஸ்கிரீம் கவுண்டருக்குக் கீழே உள்ள ஃபிரிட்ஜ்தான் கேக்குக்கு. ஸ்னோ ஸ்ப்ரே கூடவே கூடாது; அந்த டப்பாவில் நுரையைத் தள்ளுவது தீப்பிடிக்கும் வாயு, பக்கத்தில் மெழுகுவத்தி எரியும். பேப்பர் துகள் வெடிப்பதும் கூடாது, அது அடுத்த மேஜைக்காரர் பாயசத்தில் போய் விழும். மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்து காட்டினார்: வாடிக்கையாளர்கள் விட்டுப் போன எண் மெழுகுவத்திகள் குவியலாக! ஒன்று ஏராளம், பூஜ்ஜியமும் ஏராளம். ஏழு ஒன்றே ஒன்று, அதுவும் பாதி உருகியது. “75-க்கு இது போதும் மேடம், ஐந்து மட்டும் வாங்கிட்டு வாங்க.”

பாட்டு? ஸ்பீக்கரில் போட்டு, சர்வர்கள் சுற்றி நின்று கை தட்டுவார்கள். ஹேப்பி பர்த்டேயின் மெட்டு 1893-இல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை வணக்கப் பாட்டாக அச்சானது. ஹேப்பி பர்த்டே பாட்டின் காப்புரிமைக்கு ஒரு நிறுவனம் காசு வசூலித்துவந்ததால், அங்கே பல சங்கிலி உணவகங்கள் சொந்தமாக ஒரு பிறந்தநாள் பாட்டு கட்டிக்கொண்டன. அந்த உரிமை செல்லாது என்று 2015-இல் தீர்ப்பாயிற்று. நம் வடபழனி சர்வர்களுக்கு இந்தக் கவலையே எப்போதும் இருந்ததில்லை. அவர்கள் பிரச்சினை வேறு: கை தட்டும் ஐந்து நிமிஷம் மற்ற மேஜைகளில் சாம்பார் நின்றுவிடும். அதனால் இரண்டு பேர் தட்டுவார்கள், இரண்டு பேர் வாளியோடு சுற்றுவார்கள். ஷிஃப்ட் போட்டுச் சந்தோஷப்படுகிறார்கள், ஐயா!

கடைசியாக அட்வான்ஸ். பர்ஸைத் திறந்தேன். மேனேஜர் ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். மாமா முந்தின நாளே வந்து, “வேற யார் கேட்டாலும் வாங்கிடாதீங்க” என்று சொல்லிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த தாளில் பெரியப்பா. அதே ஞாயிறு, அதே பாட்டி, அதே ரகசியம்.

“ரெண்டு பேரும் பில் கேட்டா என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“தினம் நடக்கறதுதான் மேடம். ஒருத்தர் கார்டைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுட்டு ‘சார், சர்வர் டவுன்’னு சொல்லிடுவோம். அதுக்குள்ள இன்னொருத்தர் கட்டிடுவார். அட்வான்ஸை அப்புறம் பார்க்கிங்ல வெச்சுத் திருப்பிடுவோம்.”

யாருக்கு சர்வர் டவுன் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் நான் போன் பண்ணிச் சொல்ல வேண்டுமாம்.